முன்பணமின்றி முதல் வீடு
(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்களுக்கான சொற்பொழிவு)

குடியானவராயினும், நெசவாளராயினும், ஆலையில் வேலை செய்வோராயினும் தமக்கென்று ஒரு வீடு வேண்டுமென விரும்பாதார் இல்லை. வாடகை வீட்டில் குடியிருப்போர்க்கு, மாதந்தோறும் கொடுக்கும் பணம் திரும்பி வாராது போகின்றதே என்ற வருத்தமும், வீட்டுக்காரர் எப்பொழுது காலி செய்யச் சொல்வாரோ என்ற அச்சமும் ஓயாமல் உண்டு. ஆயினும் வீடு வாங்கப் புகுவோரை வாயிலிலேயே தடுத்து நிறுத்துவது முன்பணமாகும். விலையில் ஒரு பங்கை வாங்குவோர் தம் கையினின்றும் முதலில் செலுத்தினாலன்றி, மிச்சத்திற்குக் கடன் கொடுப்போர் எளிதில் இசைவதில்லை. அந்தப் பங்கையே முன்பணம் என்பர்.

இக்காரணத்தால், "முன்பணம் வேண்டாம், சாவியைப் பெற்றுக்கொள்க" என்னும் விளம்பரங்கள் ஏழை எளியோர் மனத்தைப் பெரிதும் கவர்கின்றன. இவற்றை நம்பலாமா, தள்ளலாமா என்பதே இங்கு ஆராயத்தக்க விஷயம். சுருங்கக் கூறின், முன்பணம் இல்லாமை தானே ஒரு கேடாகாது. முன்பணம் செய்யவேண்டிய வேலையைச் செய்வதற்கு வேறொன்றும் இல்லாதபோதே அது கேடாகின்றது. இதனை நன்கு மனத்திற்கொண்டால், எந்தக் கடனை ஏற்கலாம், எதனை விலக்கவேண்டும் என்பது தானே விளங்கும்.

முன்பணம் செய்யும் வேலை

முன்பணம் மூன்று காரியங்களைச் செய்கின்றது. முதலாவது, கடன் வாங்குவோர் சிக்கனமாய் இருந்து பணம் சேர்க்க வல்லவர் என்பதற்கு அது சாட்சி. இரண்டாவது, வீட்டின் விலை இறங்கிவிட்டாலும் கடனைவிட வீட்டின் மதிப்பு குறையாதபடி அது இடையில் நின்று காக்கின்றது. நோயோ வேலையிழப்போ நேர்ந்து வீட்டை விற்கவேண்டி வந்தால், கடனைத் தீர்த்து ஏதேனும் மிஞ்சுவதற்கு இடமுண்டு. மூன்றாவது, அசல் குறைவதால் மாதத் தவணையும் வட்டியும் குறைகின்றன. முன்பணமின்றிக் கொடுக்கப்படும் கடன் எதுவாயினும், இம்மூன்றிற்கும் ஈடாக அதில் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

அமெரிக்க தேசத்தின் அனுபவம்

இவ்விஷயத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் இரண்டு முறை பெரிய பரீட்சை நடத்தியுள்ளன. இரண்டாம் உலக யுத்தத்திலிருந்து திரும்பும் போர்வீரர்களுக்காக 1944-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அங்கு ஒரு சட்டம் நிறைவேறிற்று. அதன்படி, போர்வீரர் வீடு வாங்க வாங்கும் கடனில் ஒரு பகுதிக்கு அந்நாட்டுச் சர்க்காரே ஜாமீன் நின்றது. தொடக்கத்தில் கடனில் பாதி வரையில், 2,000 டாலருக்கு மேற்படாமல், ஜாமீன் அளிக்கப்பட்டது. வட்டி நூற்றுக்கு 4-க்கு மேற்படலாகாதென்றும் விதிக்கப்பட்டது. சர்க்காரின் ஜாமீன் முன்பணத்தின் இடத்தில் நின்றமையால், கையில் சேமிப்பில்லாத லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டுக்கு உடைமையாயின.

பின்னர் அத்திட்டத்தில் மற்றொரு சோதனையும் சேர்க்கப்பட்டது. தவணையும், வரியும், மற்றக் கடன்களும் போக, குடும்பத்தின் உணவுக்கும் உடைக்கும் வைத்தியத்திற்கும் மாதந்தோறும் எவ்வளவு மிஞ்சுகின்றது என்று கணக்கிட்டு, குடும்பத்தின் அளவுக்கேற்ற தொகை மிஞ்சினாலன்றிக் கடன் அளிப்பது தகாதென்று வைத்தார்கள்.

இரண்டாவது பரீட்சை 2000-க்குப் பிற்பட்ட சில ஆண்டுகளில் நடந்தது. அப்பொழுது தனியார் கடன் ஸ்தாபனங்கள் பல, முன்பணமும் கேளாமல், வருமானத்தையும் தக்கபடி விசாரியாமல் கடன் கொடுத்தன. விலையில் நூற்றுக்கு 80 பங்குக்கு ஒரு கடனும், எஞ்சிய 20 பங்குக்கு மற்றொரு கடனும் ஆக, முழு விலையையும் கடனாகவே அளிப்பதும் வழக்கமாயிற்று. வீட்டு விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கை ஒன்றே அக்கடன்களுக்கு ஆதாரமாய் இருந்தது. 2006-க்குப் பின் விலை இறங்கத் தொடங்கியதும், வீட்டின் மதிப்பைவிடக் கடன் மிகுந்து நின்ற குடும்பங்கள் விற்கவும் முடியாமல், தவணை கட்டவும் முடியாமல் வீட்டை இழந்தன. 2008-ல் உண்டான பெரும் பண நெருக்கடிக்கு இதுவே மூலகாரணங்களுள் ஒன்று. அந்நெருக்கடியின்போதும், முன்பணமின்றிப் பெரும்பாலும் அளிக்கப்பட்ட போர்வீரர் கடன்களில் வீடு பறிபோனவை மற்ற வகைக் கடன்களைவிடக் குறைவாகவே இருந்தன. ஒரே வகையான கடன் இரண்டு விதமாக முடிந்ததற்குக் காரணம், முன்னதில் ஜாமீனும் விசாரணையும் இருந்தன, பின்னதில் அவையிரண்டும் இல்லை என்பதேயாகும்.

இத்தேசத்து விதி

இந்தியாவில் ரிசர்வ் பாங்கி 2015-ல் வகுத்த விதிப்படி, 30 லட்ச ரூபாய் வரையுள்ள வீட்டுக்கடன் வீட்டின் மதிப்பில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேற்படலாகாது. 30 லட்சத்திற்கு மேல் 75 லட்சம் வரையில் 80 பங்கும், அதற்கு மேற்பட்ட கடனுக்கு 75 பங்குமே எல்லை. ஆகையால் பாங்கியில் வீட்டுக்கடன் பெறுவோர் நூற்றுக்கு 10 பங்காவது தாம் போட்டாக வேண்டும். இதற்கு மேல், பத்திரச் செலவும் உண்டு. வீட்டின் விலை 10 லட்சத்திற்கு மேற்படாதபோது மாத்திரம் அச்செலவையும் மதிப்பிற் சேர்த்துக் கடன் கொடுக்க இடமுண்டு. மற்றவர்கள் அதனைக் கைப்பணமாகவே கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டில் 2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஏற்பட்ட மாறுதலின்படி, கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை முதலியன நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2, ஆக 9 என்று நிர்ணயிக்கப்பட்டது.

இதனால், 20 லட்ச ரூபாய் விலையுள்ள வீட்டிற்கு 18 லட்சம் கடன் கிடைத்தாலும், முன்பணம் 2 லட்சமும், பத்திரச் செலவு 1,80,000 ரூபாயும், ஆக 3,80,000 ரூபாய் கையில் வேண்டும். விற்பவரோ தரகரோ "முன்பணமே இல்லை" என்று சொன்னால், இந்த 3,80,000 ரூபாய் எங்கிருந்து வருகின்றதென்று கேட்டாக வேண்டும். அது வானத்திலிருந்து விழுவதில்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

மாதம் 40,000 ரூபாய் வருமானமும், வாடகை நீங்கலாக 18,000 ரூபாய் குடும்பச் செலவும் உள்ள ஒரு குடும்பம் மேற்கண்ட வீட்டை வாங்க விரும்புகின்றதென்று கொள்க. 18 லட்ச ரூபாய்க் கடனுக்கு வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 9, காலம் 20 ஆண்டு என்றால், மாதத் தவணை ஏறத்தாழ 16,200 ரூபாய். 3,80,000 ரூபாயையும் அக்குடும்பம் முன்னமே சேர்த்து வைத்திருந்தால், தவணையும் செலவும் போக மாதம் 5,800 ரூபாய் மிஞ்சும். நோய்நொடிக்கும், பண்டிகைக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும் அது கையில் நிற்கும்.

அத்தொகையைச் சேர்க்காமல், 18 வட்டிக்கு 5 ஆண்டுத் தவணையில் தனிநபர் கடனாக வாங்கினால், அதற்கு மாதம் 9,650 ரூபாய் கட்டவேண்டும். இரண்டு தவணையும் சேர்ந்து 25,850 ரூபாய் ஆகின்றது. எஞ்சுவது 14,150 ரூபாய். குடும்பச் செலவுக்கே மாதம் 3,850 ரூபாய் குறைகின்றது. அக்குறைவை நிரப்ப நகை அடகுக்குப் போகும். நகை தீர்ந்தபின் கந்துவட்டிக்காரரிடம் போக நேரும். வீடு தன்னுடையதாகும் முன்பே குடும்பம் பிறருடையதாகிவிடும்.

இங்கு மற்றொரு கணக்கையும் கவனித்தல் வேண்டும். நீண்டகாலக் கடனில் முதற் சில ஆண்டுகளில் கட்டும் பணத்தில் பெரும்பகுதி வட்டிக்கே போகின்றது. மேற்சொன்ன 18 லட்சத்திற்கு ஐந்து ஆண்டுகளில் செலுத்தும் தொகை ஏறத்தாழ 9,71,700 ரூபாய். அதில் அசலிற் குறைவது 2,03,000 ரூபாயே. முதல் நாளன்று செலுத்திய 2 லட்ச ரூபாய் முன்பணம், ஐந்து ஆண்டுத் தவணைகள் சேர்ந்து செய்யும் வேலையை ஒரே நாளில் செய்துவிடுகின்றது.

வட்டி மாறுதலையும் மறத்தலாகாது. 2019 அக்டோபர் முதல் பாங்கிகளின் மாறும் வட்டியுள்ள புதிய வீட்டுக்கடன்கள் வெளி அளவுகோலுடன் பிணைக்கப்பட்டன. பெரும்பாலும் ரிசர்வ் பாங்கியின் ரெப்போ வட்டியே அந்த அளவுகோல். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரையில் அவ்வட்டி நூற்றுக்கு 4-லிருந்து 6½ ஆக உயர்ந்தது. 18 லட்ச ரூபாய்க்கு 20 ஆண்டுக் கடனில் வட்டி 7-லிருந்து 9½ ஆனால், மாதத் தவணை 13,950 ரூபாயிலிருந்து 16,780 ரூபாயாக ஏறும். அல்லது தவணைக் காலம் நீளும். மாதம் இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் ஏறினால் தாங்க இயலாத குடும்பம், ஏறாத நாளிலும் அந்தக் கடனை எடுக்கலாகாது.

விலக்கத்தக்க வழிகள்

முன்பணமில்லாதவர்க்கு வழக்கமாகக் காட்டப்படும் குறுக்கு வழிகள் சில உண்டு.

முதலாவது, விலையைப் பெருக்கி எழுதுதல். 20 லட்ச ரூபாய் வீட்டிற்கு 22,25,000 ரூபாய் என்று ஒப்பந்தம் எழுதிக் காட்டி, அதில் நூற்றுக்கு 90 பங்காகிய 20 லட்சத்தையும் கடனாகப் பெறுவதாகும். இது கடன் கொடுப்பவரிடம் சொல்லும் பொய். இதனால் பத்திரச் செலவும் கூடும், கடனும் வீட்டின் உண்மை மதிப்புக்குச் சமமாய் நிற்கும். வழக்கு வந்தால் கையெழுத்திட்டவரே பொறுப்பாளி. வழிசொன்ன தரகர் அவ்விடத்தில் காணப்படார்.

இரண்டாவது, வீடு கட்டி முடியுமுன்பே கடன் முழுதையும் கட்டுமானக்காரரிடம் கொடுத்துவிட்டு, சாவி கைக்கு வரும் வரையில் வட்டியை அவரே கட்டுவார் என்று நம்புதல். கட்டுமானக்காரர் நொடித்தால் வீடும் இராது; கடன் மட்டும் வாங்குவோர் பெயரில் நிற்கும். கட்டடத்தின் வளர்ச்சிக்கேற்பவே பணம் விடவேண்டுமென்று ரிசர்வ் பாங்கி 2013-லேயே பாங்கிகளுக்கு அறிவுறுத்தியது. தேசிய வீட்டுவசதி பாங்கியும் 2019-ல் வீட்டுக்கடன் கம்பெனிகளை இத்தகைய கடன்களைத் தவிர்க்குமாறு கூறிற்று. மேலும், 2016-ம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி, கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கட்டுமானக்காரர் பெறலாகாது.

மூன்றாவது, பட்டாவும் அங்கீகாரமும் இல்லாத மனையைச் சில்லறைத் தவணையில் வாங்குதல். முன்பணமில்லை என்பது உண்மையாயிருந்தாலும், பின்னர் அதன்மேல் வீட்டுக்கடன் கிடைப்பதரிது. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகிய நான்கையும் பாராமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது.

தவணை தவறினால் நேர்வதையும் அறிந்திருத்தல் நலம். 90 நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால் கடன் வாராக்கடனாகக் கருதப்படும். 2002-ம் ஆண்டுச் சட்டப்படி, 60 நாள் நோட்டீஸ் கொடுத்தபின், வழக்குத் தொடராமலே ஈட்டுச் சொத்தைக் கைக்கொள்ளக் கடன் கொடுத்தவர்க்கு அதிகாரமுண்டு.

கைப்பணமில்லாதார்க்குள்ள நேர்மையான வழிகள்

முதல் வழி, முன்னோர் விட்டுச்சென்ற நத்தம் மனையாகும். கிராமத்தாரில் பலர்க்குப் பணமில்லாவிட்டாலும் மனையுண்டு. அம்மனைக்குப் பட்டா தம் பெயரில் இருந்தால், அதன்மேல் வீடு கட்டுவதற்குக் கடன் பெறலாம். மனையை விலைக்கு வாங்கவேண்டிய அவசியமின்மையால், பெரும் முன்பணமும் கிரயச் செலவும் மிச்சமாகும். ஆகையால் பாகப்பிரிவினையை வாய்வார்த்தையாக விட்டுவைக்காமல் பதிவு செய்துகொள்வதும், இறந்தவர் பெயரிலுள்ள பட்டாவை மாற்றிக்கொள்வதும், வீடு கட்டுவதற்கு முதற்படி என்று கருதவேண்டும்.

இரண்டாவது வழி, சர்க்கார் மானியம். 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமப்புற வீட்டுத் திட்டத்தில், சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டிற்கு 1,20,000 ரூபாயும், மலைப்பகுதியில் 1,30,000 ரூபாயும் மானியமாக வகுக்கப்பட்டன. தமிழ்நாட்டுச் சர்க்கார் 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், குடிசையில் வாழ்வோர் 360 சதுர அடியில் வீடு கட்டிக்கொள்ள 3,50,000 ரூபாய் என்று ஏற்பட்டது. இவை திருப்பிச் செலுத்தவேண்டிய கடனன்று. தகுதியுள்ளோர் தம் பெயர் பட்டியலில் உளதா என்பதை ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்தறிந்து, விடுபட்டிருந்தால் கிராம சபையில் கேட்டல் வேண்டும். மானியத்திற்குட்பட்ட அளவில் வீடு கட்டாமல், பெரிதாக அஸ்திவாரம் போட்டுச் சுவரளவில் நின்றுபோன வீடுகள் எத்தனையோ கிராமங்களில் காணப்படுகின்றன. ஒரு கூடமும் ஓர் அறையும் சமையற்கட்டுமாக முதலில் முடித்துக் குடியேறி, பின்னர் கைவசதிக்கேற்ப வளர்த்துக்கொள்வதே உத்தமம்.

மூன்றாவது வழி, தவணையை முன்னதாகவே கட்டிப் பழகுதல். மேற்கண்ட குடும்பம் மாதம் 5,000 ரூபாய் வாடகை கொடுத்து வருகின்றதென்று கொள்க. வீடு வாங்கினால் கட்டவேண்டிய தவணை 16,200 ரூபாய். வித்தியாசமாகிய 11,200 ரூபாயை இன்று முதலே மாதந்தோறும் சங்கத்தில் தொடர் வைப்பாகச் செலுத்தினால், 6 வட்டியில் ஏறத்தாழ 2 ஆண்டு 8 மாதத்தில் 3,80,000 ரூபாய் சேர்ந்துவிடும். இதில் இரட்டை நன்மையுண்டு. முன்பணம் சேர்வதோடு, அந்தத் தவணையைத் தாங்கும் சக்தி குடும்பத்திற்கு உண்டா என்பதும் கடன் வாங்குமுன்பே தெரிந்துவிடுகின்றது. ஆறு மாதம் கூடத் தவறாமல் செலுத்த முடியவில்லையென்றால், வீடு சிறிதாகவேண்டும் அல்லது காலம் பொறுக்கவேண்டும் என்பது நஷ்டமின்றி விளங்கும்.

அதற்குள் வீட்டு விலை ஏறிவிடாதா என்று சிலர் ஆட்சேபிப்பர். ஏறக்கூடும், அது மெய்யான நஷ்டமே. ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் ஏறினால், 20 லட்ச ரூபாய் வீடு அக்காலத்தில் 22¾ லட்சமாகும். அப்பொழுது அதனினும் சிறிய வீட்டையோ, ஊருக்குச் சற்று வெளியிலுள்ள வீட்டையோ கொள்ள நேரலாம். ஆயினும், மாதம் 3,850 ரூபாய் குறைவில் தொடங்கும் கடன் முதலாண்டையே தாண்டுவது அரிது. விலையேற்றத்தால் வரும் லாபத்தை அடைய, அத்தனை நாள் வீட்டைக் கையில் வைத்திருக்கும் சக்தி வேண்டுமன்றோ?

கடன் பெற்றபின்னரும் ஒரு வசதியுண்டு. தனிநபர் பெறும், மாறும் வட்டியுள்ள வீட்டுக்கடனை முன்கூட்டித் தீர்த்தால் பாங்கிகள் அபராதம் வாங்கலாகாதென்று ரிசர்வ் பாங்கி 2012-ல் விதித்தது. அறுவடைப் பணமோ போனஸோ வந்தபோது ஒரு சிறு தொகையை அசலில் கட்டுவோர், வருங்காலத்து வட்டியைப் பெரிதும் குறைத்துக்கொள்வர்.

சங்கம் செய்யத்தக்கது

சென்னை ராஜதானியில் கிராமத்தாரின் கடன் தொல்லையை ஆராய்ந்த ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன், 1895-லும் 1897-லும் வெளியிட்ட அறிக்கைகளில், ஜெர்மனியில் ரெய்ஃபைஸன் வகுத்த கிராம சங்க முறையைப் பெரிதும் எடுத்துக்காட்டினார். 1904-ல் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரையடுத்த திரூரில் கிராம சங்கம் ஏற்பட்டது. அம்முறையின் உயிர்நாடி யாதெனில், கையிற் சொத்தில்லாதவனுக்கும் அவனுடைய நாணயமே ஈடு என்பதும், அந்த நாணயத்தை அளந்தறிய வல்லவர் அவனுடைய அயலாரே என்பதுமாகும்.

அமெரிக்கப் போர்வீரர் கடனில் சர்க்கார் ஜாமீனும் மிச்ச வருமான விசாரணையும் செய்த வேலையை, கிராமத்தில் சங்கம் தன் அளவிற் செய்யலாம். வீட்டிற்கென்று தனியே ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். கடன் வாங்கப் போகும் அங்கத்தினரைச் சங்க அலுவலகத்தில் உட்காரவைத்து, வரவு, செலவு, பழங்கடன், தவணை, மிச்சம் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் காட்டலாம். மிச்சம் போதாதபோது, முகத்திற்காக "ஆகட்டும்" என்று சொல்லாமல், "இப்பொழுது வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் நிர்வாக சபையார்க்கு வேண்டும். பத்திரங்களைப் பார்த்துச் சொல்ல ஒரு வக்கீலைச் சங்கத்தின் சார்பில் அமர்த்தினால், ஒவ்வொருவரும் தனித்தனியே ஏமாறுவது தடைப்படும். வீட்டுப் பத்திரத்தில் மனைவியின் பெயரும் சேரவேண்டுமென்றும் வற்புறுத்தலாம். தவணைக்காகச் செலவைச் சுருக்குவோர் பெரும்பாலும் பெண்டிரேயாதலின், உடைமையிலும் அவர்க்குப் பங்கிருத்தல் நியாயம்.

முன்பணம் கேட்கவில்லை என்பதற்காக மட்டும் ஒரு வீட்டை வாங்குதல் தகாது. முன்பணம் இல்லை என்பதற்காக மட்டும் வீட்டாசையைக் கைவிடுதலும் தகாது. கடன் பத்திரத்திற் கையெழுத்திடுமுன், "தவணை போக வீட்டில் அடுப்பெரிய எவ்வளவு மிஞ்சும்?" என்ற கேள்விக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் விடை எழுதிப் பார்ப்பது ஒவ்வோர் அங்கத்தினரின் கடமை. அக்காகிதத்தைச் சரிபார்த்துக் கொடுப்பது சங்கத்தின் கடமை. இவ்விரண்டும் நடைபெறும் கிராமத்தில், எளிய குடும்பமும் தன் வீட்டிற் குடிபுகும். புகுந்த வீட்டை இழவாமலும் இருக்கும்.